சுறாவின் வாயும் பாவையின் குச்சியும்



இக்கூட்டத்திற்கு நான் கொடுத்த தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், “சங்க இலக்கியம் பேசுவீர்கள் என்று நினைத்தோம், சுறாவைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டீர்களே” என்று கேட்டார். சங்க இலக்கியமும் வரும்; சுறாவின் முதுகில் ஏறி வரும். தூத்துக்குடியில் இருந்துகொண்டு சுறாவைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை. அச்சத்தை நகை எவ்வாறு எதிர்கொள்கிறது என்னும் ஒரு வினாவைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். உலகையே அச்சுறுத்திய ஒரு சுறாப் படம், அத்தகைய படங்களைக் கேலி செய்யும் பாவை நகைச்சுவை, நம் தோற்பாவைக் கூத்து, நம் முத்துக்குளித்துறை ஆகிய நான்கையும் ஒரே கயிற்றில் கோக்க முடியுமா என்று பார்ப்போம்.

முதலில் படம். பீட்டர் பென்ச்லி என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1974இல் எழுதிய புதினத்தைத் தழுவி, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1975 ஜூனில் வெளிவந்த ‘ஜாஸ்’ என்னும் படத்தை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு தீவு நகரம். கோடைக்கால விடுமுறைக்கு வருவோரை நம்பி வாழும் ஊர். கடலில் ஒரு பெருஞ்சுறா மனிதரைக் கொல்கிறது. கடற்கரையை மூட வேண்டும் என்கிறார் காவல்துறைத் தலைவர். வணிகம் கெடும் என்று மறுக்கிறார் நகரத்தலைவர். அதன் விளைவாக மேலும் உயிர்கள் போகின்றன. முடிவில் காவல்துறைத் தலைவரும் ஓர் ஆய்வாளரும் ஒரு பழைய சுறா வேட்டைக்காரரும் படகில் சென்று அதனை எதிர்கொள்கின்றனர். கதை இவ்வளவே.

ஆனால் அந்தச் சுறா யார்? அது ஒரு பாவை. இப்படத்திற்காக இயந்திரச் சுறாக்கள் செய்யப்பட்டன. படப்பிடிப்புக் குழுவினர் அவற்றுக்குச் செல்லமாக ‘புரூஸ்’ என்று பெயரும் சூட்டினர். கடலில் இறக்கியதும் உப்புநீர் பட்டு அவை அடிக்கடி பழுதாயின. வேறு வழியின்றி இயக்குநர் சுறாவைக் காட்டாமலே படத்தை நகர்த்தினார். நீரைக் கிழிக்கும் முதுகுச்செதில், இழுபட்டு ஓடும் மஞ்சள் மிதவைப் பீப்பாய்கள், ஜான் வில்லியம்ஸ் அமைத்த இரண்டே சுரங்களின் இசை, இவைதாம் சுறாவுக்கு மாற்றாக நின்றன. படம் ஒரு மணி நேரத்தைக் கடந்த பின்னரே அதன் முகம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. இயங்காத ஒரு பொம்மையை மறைத்து வைத்ததனால் உலகம் நடுங்கியது. அச்சத்தின் இலக்கணம் இதில் அடங்கியிருக்கிறது: அச்சம் தன்னை ஆட்டும் கையை மறைத்துக்கொள்ளும்.

இப்படத்துக்குள்ளேயே ஒரு பாவைக் கேலி இருப்பதும் நோக்கத்தக்கது. விடுமுறை நாளில் கடற்கரை நிரம்பி வழிகிறது. திடீரென ஒரு செதில் நீரின் மேல் தெரிகிறது. கூட்டம் அலறியடித்து ஓடுகிறது. பிறகுதான் தெரிகிறது, அட்டையில் செதில் செய்து அதனடியில் நீந்திய இரண்டு சிறுவரின் குறும்பு அது என்று. எல்லோரும் பெருமூச்சு விடும் அதே வேளையில், பக்கத்துக் கழியில் உண்மைச் சுறா நுழைந்துவிடுகிறது. அட்டைச் செதிலுக்கும் உண்மைச் செதிலுக்கும் இடையே சில நொடிகளே. நகையும் அச்சமும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதை இயக்குநர் அறிந்திருந்தார்.

இவ்வளவு அச்சுறுத்திய படத்தைக் கேலிக்காரர் விட்டுவைப்பார்களா? 1980இல் வந்த ‘ஏர்பிளேன்’ என்னும் நகைச்சுவைப் படம், அதே போன்ற இசை ஒலிக்க, மேகக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரும் விமானத்தின் வாலைச் சுறாச் செதிலாகக் காட்டித்தான் தொடங்குகிறது. ஆனால் கேலியில் வல்லவை பாவைகளே. ஜிம் ஹென்சனின் ‘மப்பெட்’ பாவைகள் 1976 முதல் 1981 வரை தொலைக்காட்சியில் நடத்திய நிகழ்ச்சியில், விண்வெளி வீரக் கதைகளைக் கேலி செய்யப் பன்றிகள் விண்கலம் ஏறின. அதற்கும் நெடுங்காலம் முன்பே, இங்கிலாந்தின் கடற்கரைகளில் விடுமுறைக்கு வந்தவர்களைச் சிரிக்க வைத்த ‘பஞ்ச் – ஜூடி’ கைப்பாவை ஆட்டத்தில் ஒரு முதலை உண்டு. அகன்ற வாயைத் திறந்து திறந்து மூடி அது பஞ்சின் இறைச்சிப் பண்டத்தை விழுங்க வரும். குழந்தைகள் கூச்சலிட்டுச் சிரிப்பார்கள்.

கைப்பாவையில் வாய் என்பது வேறொன்றுமில்லை. கட்டைவிரல் ஒருபுறமும் மற்ற நான்கு விரல்கள் மறுபுறமுமாக விரியும் மனிதக் கைதான். ஆகவே அகன்ற வாயுடைய விலங்கு எதுவாயினும் பாவைக்காரனின் கைக்கு அது மிக எளிது. திரைப்படம் பெருந்தொகை செலவிட்டு மறைத்த உண்மையைப் பாவைக்காரன் காசின்றி வெளிப்படுத்துகிறான்: இந்த வாய்க்குள் இருப்பது ஒரு கை.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறார். நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கு. அச்சம் பிறக்கும் களன்களும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சுறாப் படத்தைப் பாருங்கள். எல்லோர் கண்ணும் ‘விலங்கு’ என்னும் ஒன்றின் மீதே நிற்கிறது. ஆனால் அவ்வூர் மக்களைச் சுறாவின் வாய்க்கு அனுப்பியவர் யார்? கடற்கரையை மூட மறுத்த நகரத்தலைவர். தொல்காப்பியர் சொல்லில் சொன்னால் ‘இறை’. விலங்கச்சம் இறையச்சத்தை மறைத்துவிடுகிறது. எள்ளல் அந்தத் திரையைச் சற்றே விலக்குகிறது. கேலிக்கு இலக்கியத்தில் இடம் உண்டா என்று ஐயுறுவோர்க்கு நான் தரும் விடை இதுவே.

இனி நம் பாவைக்கு வருவோம். தென்மாவட்டங்களில் தோற்பாவைக் கூத்தை நடத்திவந்தவர்கள் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் சமூகத்தார். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக்கி, உருவம் வெட்டி, துளையிட்டு, வண்ணம் தீட்டி, நடுவே பிளந்த குச்சியைச் செருகிப் பாவை செய்வர். வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கு. விளக்குக்கும் திரைக்கும் இடையே பாவை. ஒரே கலைஞர் இராமனாகவும் இராவணனாகவும் சீதையாகவும் குரல் மாற்றிப் பேசுவார். குடும்பத்துப் பெண்கள் பின்னணியில் பாடித் துணைநிற்பர். இராமாயணம் பல இரவுகள் நடந்து பட்டாபிடேகத்தில் முடியும். மு. இராமசாமி, அ. கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் இக்கலையைக் களத்தில் நின்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இக்கூத்தில் இராமனைவிட மக்கள் ஆவலோடு எதிர்பார்ப்பது இருவரை: உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். வால்மீகியிலும் இல்லாத, கம்பனிலும் இல்லாத இந்த இருவர் எந்தக் காட்சியிலும் நுழைவர். அரசவையிலும் போர்க்களத்திலும் அவர்களுக்குத் தடையில்லை. எப்போதும் பசி, எப்போதும் அடி, எப்போதும் பேச்சு. உளுவத்தலையன் என்று கேட்டதும் நம் கடற்கரையார்க்கு உளுவை மீன் நினைவுக்கு வராமல் போகாது. சினிமா வந்தபோது இக்கலைஞர்கள் அதைக் கண்டு ஒதுங்கவில்லை, திரைப்பாடலைப் பாவைக்குப் பாட வைத்தனர், ஆட வைத்தனர். கூட்டத்தைத் தம்மிடமிருந்து பறித்துச் சென்ற கலையையே தம் திரையில் ஏற்றிக் கேலி செய்தனர்.

இராமாயணக் கூத்தில் கடல் தாண்டும் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அனுமன் செல்லும் வழியில் அகன்ற வாய்கள் இரண்டு. முதலாவது சுரசையின் வாய். அவள் வாயைப் பெரிதாகத் திறக்கிறாள். அனுமனோ சிற்றுருக் கொண்டு உள்ளே புகுந்து, அவள் மூடுமுன் வெளியே வந்துவிடுகிறான். உயிர்ச்சேதம் இல்லை, அவள் வாழ்த்தி அனுப்புகிறாள். இரண்டாவது, வால்மீகி சிம்மிகை என்றும் கம்பர் அங்காரதாரை என்றும் கூறும் அரக்கியின் வாய். வால்மீகியின் சிம்மிகை கடலின்மேல் விழும் நிழலைப் பற்றி இழுப்பவள். அவளிடம் வேடிக்கை செல்லாது. அனுமன் வயிற்றைக் கிழித்தே வெளிவருகிறான். ஒன்று நகையின் வழி. மற்றொன்று நகத்தின் வழி. சுறாப் படம் நகத்தின் வழியைத் தேர்ந்தது; இறுதியில் சுறா வெடித்துச் சிதறுகிறது. பாவை நகைச்சுவை சுரசையின் வழியைத் தேர்கிறது: சிறியவனாகிப் பெரிய வாய்க்குள் புகுந்து, சிரித்துக்கொண்டே வெளிவருவது.

அப்படியானால், அந்தப் படத்தை நம் உச்சிக்குடும்பனிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? இது முழுவதும் என் கற்பனை. எந்தக் கலைஞரின் ஆட்டத்தையும் நான் படியெடுக்கவில்லை. திரையில் விளக்கு எரிகிறது. நீலம் தீட்டிய அலைகள். பின்னாலிருந்து மத்தளத்தில் இரண்டே அடி: டண், டண்.

“அண்ணே, எங்கயோ மேளம் கொட்டுதாவ. கலியாண வீடுண்ணே. பந்திக்குப் போயிருவமா?”

“ஏலே, அது கலியாண மேளம் இல்லல. சுறா வருதுன்னு அடிக்கிற மேளம்.”

“சுறா வாரதுக்கு எதுக்குண்ணே மேளம்? அது என்ன மாப்பிள்ளையா?”

“பேசாம கடல்ல எறங்குல. தண்ணி நல்லாருக்குன்னு ஊர்த்தலைவரு சொல்லிட்டாரு.”

“நல்லாருந்தா அவரு எறங்கட்டுமேண்ணே.”

“அவருக்குச் சளி பிடிச்சிருக்குல.”

சுறாப் பாவை திரையின் ஓரத்திலிருந்து வருகிறது. வாய் திறக்கிறது. உளுவத்தலையன் ஓடவில்லை, தலையை நீட்டி உள்ளே பார்க்கிறான்.

“அண்ணே, இது நம்மளவிடப் பசியில கெடக்கு. வயித்துக்குள்ள ஒண்ணுமே இல்ல. அண்ணே, இன்னொண்ணு பாத்தியா? இதுக்கும் நம்மள மாதிரி நடு முதுகுல குச்சிதாண்ணே!”

அவையில் சிரிப்பு எழுந்தது, மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கடைசித் தொடரைச் சற்று நினைத்துப் பாருங்கள். விழுங்க வரும் வாய்க்கும் விழுங்கப்படப் போகும் உடலுக்கும் ஒரே குச்சி. இரண்டையும் ஆட்டும் கை ஒன்று. வள்ளுவர் நாணமற்றவரின் இயக்கத்துக்கு மரப்பாவையை உவமை கூறினார். பாவையைக் கட்டி ஆட்டும் கயிற்றுக்கும் நாண் என்றே பெயர். உள்ளத்து நாணத்துக்கும் நாண் என்றே பெயர். உள்ளே நாண் இல்லாதவரை வெளியே ஒரு நாண் ஆட்டுகிறது. “தண்ணீர் நன்றாயிருக்கிறது, இறங்குங்கள்” என்று கரையில் நின்று சொல்லும் தலைவரை ஆட்டும் நாண் எது என்பதுதான் உளுவத்தலையனின் பேதைமை நம்மைக் கேட்க வைக்கும் வினா.

இந்த வினா நம் கரைக்குப் புதிதன்று. இக்கரையில் சுறா திரையில் வந்ததில்லை, தண்ணீரில் வந்தது. கிறித்து பிறந்த முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூசு என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. சுறா உலவும் நீரில் இறக்கப்பட்டவர்கள், மறுத்துப் பேச உரிமை அற்றவர்கள். தொல்காப்பியர் சொன்ன விலங்கும் இறையும் ஒரே நீரில் கூடி நின்ற காட்சி இது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ மற்றொரு வியப்பான செய்தியைத் தருகிறார். முத்துக்குளிப்பின்போது பெருமீன்கள் மனிதரைத் தாக்காதபடி மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். மன்னருக்குப் பத்தில் ஒரு பங்கு. மீனைக் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரம் பகலுக்கு மட்டுமே. இரவானதும் கட்டை அவிழ்த்துவிடுவர். மீன்கள் தம் விருப்பம்போல் திரியும். பிற்காலத்தில் இவர்களைக் ‘கடல்கட்டி’ என்றனர். மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இலங்கை முத்துக்குளிப்பை நடத்திய ஆங்கில அரசும் இவர்களுக்கு ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. கடல்கட்டி இல்லாமல் குளியாளிகள் நீரில் இறங்க மறுத்ததே காரணம். மந்திரத்தை அரசு நம்பவில்லை. ஆனால் நம்பிக்கையின் வேலையை அது அறிந்திருந்தது.

இந்தக் கடல்கட்டியைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் பாவைக்கூத்தை நினைவில் வைத்து அவரைப் பாருங்கள். பகலில் கட்டி, இரவில் அவிழ்க்கிறார் அவர். இரவில் உயிர்கொடுத்து, விடியலில் பெட்டிக்குள் அடுக்குகிறார் பாவைக்காரர். இருவரும் ஓர் எல்லைக்குள், ஒரு பொழுதுக்குள் அச்சத்தை வைத்து ஆள்பவர்கள். அச்சத்தை அழித்துவிட்டதாக இருவரும் சொல்லவில்லை. ஒரு பகலுக்கு வேலை நடக்க வேண்டும். ஓர் இரவுக்கு மனம் இளைப்பாற வேண்டும். அவ்வளவே.

அந்தக் கட்டு எப்போதும் பலித்ததா? இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் இக்கரையில் நடந்த ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். குளியாளி ஒருவரைச் சுறா கடித்தது. பரவிய அச்சத்தைத் தணிக்கக் குளியாளிகளே மந்திரம் அறிந்த ஒரு பெண்ணை அமர்த்தினர். அச்சம் தணிந்தது, ஆனால் சுறா தணியவில்லை. மேலும் சிலர் கடிபட்டனர். நல்ல காற்று, தெளிந்த நீர், போதிய படகுகள், நல்ல விலை எல்லாம் இருந்தும் அம்முறை குளிப்பைக் கைவிட நேர்ந்தது.

அமெரிக்கப் படத்தின் நகரத்தலைவரோடு இதனை ஒப்பிடுங்கள். அங்கே வருவாய்க்காகக் கடற்கரை திறந்து வைக்கப்பட்டது. இங்கே வருவாய் கண்முன் இருந்தும் கடல் மூடப்பட்டது. அரசின் கருணையால் அது நடந்ததாக நான் கருதவில்லை. நீரில் இறங்க வேண்டியவர்கள் இறங்காவிட்டால் யாரும் முத்தெடுக்க முடியாது என்பதே அதன் பின்னுள்ள எளிய உண்மை. உளுவத்தலையன் கேட்ட கேள்வி, “நல்லாயிருந்தால் அவர் இறங்கட்டுமே” என்பது, இக்கரையில் ஒருமுறை சிரிப்பின்றியே கேட்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு அறிந்த கரை சுறாவை அரக்கனாகப் பாடியதா? இங்கேதான் நான் வாக்களித்த சங்க இலக்கியம் வருகிறது. குறுந்தொகையின் 269ஆம் பாடல் கல்லாடனார் பாடியது. தலைவி பேசுகிறாள். தந்தைக்குச் சுறா தாக்கிய புண் ஆறிவிட்டது. அவர் மீண்டும் கடலுக்குப் போய்விட்டார். தாயோ உப்பைக் கொடுத்து நெல் வாங்க உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். இப்போது வந்தால் எளிதில் காணலாம் என்று தலைவனிடம் ஓடிச் சொல்பவர் யாரேனும் கிடைத்தால் நன்று என்கிறாள். எண்ணிப் பாருங்கள். சுறா கடித்த புண் இங்கே கதையின் உச்சம் அன்று, வீட்டுச் செய்தி. புண் ஆறியது, அப்பா கடலுக்குப் போனார், வீடு காலியாயிற்று, காதலன் வரலாம். அச்சத்தின் நடுவே வாழ்ந்தவளின் உதட்டோரக் குறுநகை இது. மனிதர் மீண்டும் நீரில் இறங்கும் கணத்தில் சுறாப் படம் நடுக்கத்தைத் தொடங்குகிறது. கல்லாடனார் அக்கணத்தில் காதலைத் தொடங்குகிறார்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டதை உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். காமவேளைச் ‘சுறவக்கொடியோன்’ என்றது நம் மரபு. ஒரே மீன் காயம் தருகிறது, தெய்வமாகிறது, காதலுக்குக் கொடியாகிறது. அதோடு உணவும் ஆகிறது. எனக்கு மகப்பேறு ஆன நாள்களில் என் தாய் நாள்தோறும் பால்சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டாக்கிக் கொடுத்தார். தாய்ப்பால் ஊறும் என்பது இக்கரைப் பெண்களின் நம்பிக்கை. உலகம் நடுங்கும் பெயரைக் கேட்டால் எனக்கு அந்தப் பூண்டு மணமும், மடியில் உறங்கிய குழந்தையுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. நாம் அதை உண்கிறோம். அது எப்போதாவது நம்மை உண்ணும். இவ்வுறவில் பகை குறைவு, கணக்கு மிகுதி.

கடன்வாங்கிய அச்சத்துக்கு விலை உண்டு. படம் வந்தபின் சுறா என்றாலே கொல்லத்தக்கது என்னும் எண்ணம் பரவியது. பென்ச்லி பிற்காலத்தில் தம் புதினம் உண்டாக்கிய அச்சத்தை எண்ணி வருந்தி, 2006இல் மறையும்வரை கடல்வாழ் உயிர்களின் காப்புக்காகப் பேசியும் எழுதியும் வந்தார். ஸ்பீல்பெர்க்கும் 2022இல் ஒரு வானொலி நேர்காணலில் சுறாக்களின் அழிவில் தம் படத்துக்குள்ள பங்கை எண்ணித் தம் வருத்தத்தை வெளியிட்டார். இந்தியாவில் 2001இல் திமிங்கலச் சுறாவும், நாம் வேளா என்றழைக்கும் கொம்புடைய மீனும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்றன. வேளாவின் வாள்போன்ற கொம்பைத்தான் பட்டினப்பாலைப் பரதவர் நட்டு வணங்கியிருக்க வேண்டும். தெய்வமாக நின்ற அந்தக் கொம்பு இன்று காண்பதற்கு அரிதாகிவிட்டது. இக்கடலின் முத்துக்குளிப்பும் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. தோற்பாவை ஆடும் குடும்பங்களும் சிலவே எஞ்சியிருக்கின்றன. சுறா, குளியாளி, பாவைக்காரர் ஆகிய மூவருமே அருகிவிட்ட கரையில் நின்றுதான் நாம் இன்று கவிதை எழுதுகிறோம்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். எள்ளல் எல்லாம் நல்லெள்ளல் அன்று. பாவைக்கூத்தின் நகைச்சுவையில் பெண்ணின் உடலையும் ஊனமுற்றோரையும் எளியோரையும் இழிக்கும் பகுதிகள் இருந்தன. இன்றைய தொலைக்காட்சி நகைச்சுவையில் அவை பெருகியே இருக்கின்றன. பாவை என்னும் சொல் பொம்மையையும் பெண்ணையும் ஒருங்கே குறிப்பது. ஆட்டுவிப்பதற்கு எளியவள் என்று கருதப்பட்டவளுக்கு அந்தச் சிரிப்பின் கசப்பு தெரியும். ஆகவே நகையை அளப்பதற்கு நான் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டிருக்கிறேன். அச்சிரிப்பு யாருடைய குச்சியைக் காட்டுகிறது? விழுங்க வரும் வாயின் குச்சியைக் காட்டினால் அது இலக்கியம். விழுங்கப்படுகிறவனின் முதுகில் மேலும் ஒரு குச்சியைச் செருகினால் அது வெறும் அடி.

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளை அண்மையில் ஒருசேரப் படித்தேன். கடலைப் பாடாத கவிஞர் நம்முள் இல்லை. ஆனால் அக்கவிதைகளில் கடல் பெரும்பாலும் விழுங்கும் வாயாகவே இருக்கிறது. மீனவர் பெரும்பாலும் கண்ணீராகவே இருக்கிறார். புயலும் துப்பாக்கியும் கடன்சுமையும் உண்மைதாம். அவற்றை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் படகு கரையேறியதும் ஏலக்கூடத்தில் எழும் கேலி, வலை பின்னும் இடத்தில் கிழவர்கள் ஒருவரையொருவர் சீண்டும் பேச்சு, கடலுக்குப் போன கணவனைப் பற்றித் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் சொல்லிச் சிரிக்கும் குத்தல்மொழி, இவை ஏன் நம் ஏடுகளில் ஏறவில்லை? தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கே கடல் முழுவதும் அச்சமாகத் தெரியும். நீரில் நின்றவனுக்கு அச்சமும் தெரியும், நகையும் தெரியும். நாம் மீனவரைப் பாடுகிறோமா, அல்லது திரையரங்கில் அமர்ந்து அவரைப் பார்க்கிறோமா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கரையில் பிறந்த எனக்கும் இக்கேள்வி பொருந்தும். நான் எழுதிய சில கவிதைகளை இதன்பின் எடுத்துப் பார்க்க எனக்கே கூச்சமாயிருந்தது.

முடிக்குமுன் ஒரு கயிற்றைப் பற்றிச் சொல்கிறேன். முத்துக்குளிப்போர் கல்லைப் பற்றிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவர். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மூச்சு முட்டும் வேளையில் அசைவு தெரிந்ததும் அவர் இழுத்துத் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பெரும்பாலும் மைத்துனரே பிடிப்பார் என்பது இக்கரையில் வழங்கும் செய்தி. தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருப்பதால் அவர் கைதவறமாட்டார் என்பது கருத்து. கரையில் மச்சானைக் கேலி செய்து மாளாத உறவும் அதுவே. கேலி செய்யும் உரிமையும் உயிரைப் பிடிக்கும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தன.

நகைச்சுவைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் அறியேன். யாரைக் கண்டு சிரிக்கிறோமோ அவருடைய கயிறு நம் கையில் இருக்க வேண்டும். நம் கவிஞர்கள் அடுத்த பத்தாண்டில் அப்படிச் சிரிக்கட்டும். கயிற்றை விட்டுவிடாமல் சிரிக்கட்டும்.